பப்புக்குப் போகாமல் முழுகப் போனேன்

ஹரோவில் முப்பது வருடமாக இருக்கிறேன். வேலைக்கு, கடைக்கு, ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு என்று எல்லாவற்றுக்கும் லண்டன் பக்கம் போகும் ரயிலில்தான் ஏறியிருக்கிறேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும் மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் மற்றப் பக்கம் எங்கே போய் முடிகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அது முடிகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் போனால் காடு. அந்தக் காட்டுக்குள் ஒரு பழைய பப் இருக்கிறது. அங்கே நான் மூன்று தடவை போயிருக்க வேண்டும். இரண்டு தடவைதான் போனேன். போகாமல் விட்ட அந்த ஒரு நாளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை அங்கே கூட்டிப்போனவன் என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரன். கவுன்சிலின் தெருவிளக்குப் பகுதியில் எங்கள் இருவருக்கும் ஒரு வான். வானின் முதுகில் ஒரு தூக்கி, அதன் நுனியில் ஆள் நிற்கும் கூடை. ஒருவர் கூடையில் ஏறி மேலே போய் விளக்கைப் பார்க்க வேண்டும், மற்றவர் கீழே நிற்க வேண்டும். இப்படிப் பதினொரு வருடம். ஒரே வானில் அவ்வளவு காலம் இருந்தால் ஒருவன் எந்தப் பல்லால் சப்புகிறான் என்பது வரைக்கும் மற்றவனுக்குத் தெரிந்துவிடும்.

நான் போனில் என் சிநேகிதர்களோடு கதைப்பதைக் கேட்டுக் கேட்டு 'மச்சான்' என்ற சொல்லை அவன் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து நான் அவனுக்கு மச்சான்தான். எங்கள் அதிகாரிக்கு முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவான். அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் எனக்குள் அவன் குரல் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன். அவன் குறை நினைக்கமாட்டான்.

அவன் அந்தக் காட்டுப் பக்கத்து ஆள். தினமும் விடியமுன் புறப்பட்டு வேலைக்கு வருவான். வசந்தம் பிறந்தால் போதும், தொடங்கிவிடுவான்.

"மச்சான், இந்தச் சனிக்கிழமை எங்கடை பப்புக்கு வாறியே?"

"பிள்ளையளுக்குத் தமிழ் வகுப்பு. விட்டிட்டு வர ஏலாது."

முதல் சில வருடங்களுக்கு அது உண்மை. பிறகு மூத்தவள் பல்கலைக்கழகம் போனாள், இளையவனும் போனான். அதன் பிறகும் நான் கூச்சமில்லாமல் தமிழ் வகுப்பையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"உன்ரை மகனுக்கு இப்ப தாடி வளந்திட்டுது. இன்னும் அ, ஆ படிக்கிறானே?"

சிரித்து மழுப்பினேன். உண்மையான காரணத்தை அவனுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. லண்டனுக்கு வந்த முதல் வருடம், குளிருக்குள் நடந்து களைத்து, கழிவறைக்குப் போக ஒரு பப்புக்குள் நுழைந்தேன். அங்கே இருந்த பேச்சு முழுவதும் நின்றுவிட்டது. ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டினான், மற்றவர்கள் சிரித்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன் பிறகு பப் என்றால் எனக்கு அந்த நிசப்தம்தான் ஞாபகம் வரும். நகரத்துக்குள்ளேயே அப்படி என்றால் காட்டுக்குள் இருக்கும் பப் எப்படி இருக்கும்? சூரன்போரில் சூரனாக நிற்கத் துணிந்தாலும் அங்கே போய் நிற்கத் துணியமாட்டேன் என்று இருந்தேன்.

கடைசியில் போனது அவன் விடாப்பிடியால். ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, என் மனைவியிடம் நேராகவே கேட்டான். அவளோ என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூட்டிக்கொண்டு போங்கோ, இவர் வீட்டிலை நிண்டு எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை" என்று அனுப்பிவைத்தாள்.

வீதி ஒடுங்கிக்கொண்டே போனது. இரண்டு பக்கத்து வேலியும் காரின் கண்ணாடியை உரசியது. போனில் சிக்னல் போனது, வழிகாட்டியும் வாயை மூடிக்கொண்டது. மேலே பருந்துகள் வட்டம் போட்டன. கல்லும் செங்கலும் கலந்து கட்டிய ஒரு பதிந்த வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினான். அதுதான் பப். பெயர்ப்பலகையில் மழை பட்டுப்பட்டு எழுத்து அழிந்துபோயிருந்தது. வாசல் நிலை என் உயரத்துக்கே தலையில் இடித்தது. அவன் ஆறடிக்காரன், பழக்கத்தில் முழங்காலை மடக்கி உள்ளே போனான்.

பப் என்றால் பளபளக்கும் நீண்ட மேசையும் போத்தல் வரிசையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒன்றும் இல்லை. ஒரே ஒரு அறை, செங்கல் பதித்த நிலம், குளிர்காயும் ஒரு பெரிய அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஒரு வயதான அம்மா நின்றார். அவர்தான் சொந்தக்காரி. கேட்டால் பின்னால் இருக்கும் அறைக்குப் போய், பீப்பாயிலிருந்து வார்த்துக் கொண்டுவந்து ஜன்னலால் நீட்டுவார். பாட்டு இல்லை, டிவி இல்லை. துணி போட்டு மூடிய ஒரு தட்டில் சீஸும் வெங்காயமும் வைத்த பாண், அதுதான் சாப்பாடு. கழிவறை வெளியே, முற்றத்தைத் தாண்டி.

முக்கியமான விஷயம் வாங்குகள். நீளமான இரண்டு வாங்குகளை ஒன்றுக்கொன்று எதிராகப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் முழங்கால் நம் முழங்காலில் முட்டும். தனியாக ஒதுங்கி இருக்க அங்கே ஒரு மூலைகூட இல்லை. நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. நின்றதா, இல்லை நின்றது போல எனக்குத்தான் கேட்டதா, தெரியவில்லை. அந்த அம்மா ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இவர்தானே அந்தத் தமிழ் வகுப்பு?"

வாங்கு முழுக்கச் சிரித்தது. என் பொய் எனக்கு முன்னமே வந்து அங்கே உட்கார்ந்திருந்தது. ஒருவர் நகர்ந்து இடம் விட்டார், இன்னொருவர் தன் நாயை என் காலடியிலிருந்து இழுத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஒரு விவசாயி தன் ஆட்டுக்கு வந்த குளம்பு நோயைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கறிதான். ஆனாலும் தலையை ஆட்டிக் கேட்டேன். இத்தனை வருடம் எதற்காகப் பயந்தேன் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மத்தியானம் கழிந்து ஆட்கள் சேர்ந்ததும் யாராவது ஒருவர் ஒரு கதை சொல்ல வேண்டும். நடந்த கதையாக இருக்க வேண்டும். சொல்பவர் எழும்பி அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அன்று அவன் எழும்பினான். அவன் சொன்னது எங்கள் கூடைக் கதை.

ஒரு நாள் அவன் கூடையில் ஏறி மேலே போயிருந்தான். விளக்கைப் பூட்டி முடித்து இறங்கப் பார்த்தால் தூக்கி அசையவில்லை. கீழே நின்ற நான் எதை எதையோ தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டின் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு வயதான பெண், ஜன்னல் துடைக்கிறவன் இரண்டு கிழமையாக வரவில்லை என்று அவனைப் பிடித்து ஏசினார். இவன் ஒன்றும் சொல்லாமல் பொக்கெற்றிலிருந்த துணியை எடுத்து, எட்டிய ஜன்னல்கள் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தான். அவர் ஒரு கோப்பை தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் நீட்டினார். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி தானாகவே வேலை செய்யத் தொடங்கியது.

அவன் கையாலும் காலாலும் நடித்துச் சொன்னான். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"அண்டைக்கு மெஷினுக்கு என்ன நடந்தது எண்டு இவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏழு வருசமாக் கேக்கிறன், சொல்லுறான் இல்லை. மச்சான், எழும்பிச் சொல்லு."

எனக்குத் தெரியும்தான். சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பது கண்கள் என்னைப் பார்த்தன. தப்பிக்க ஒரு பகிடி விட்டேன்.

"நீ உயிரோடை இருக்குமட்டும் சொல்லமாட்டன்."

அதற்கும் சிரித்தார்கள். அவன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தான்.

அதற்கு அடுத்த வருடம் அவனுக்கு வருத்தம் வந்தது. எந்த வருத்தம் என்று எழுத விருப்பமில்லை. கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. நான் கிழமைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தோடம்பழமும் திராட்சையும் கொண்டுபோவேன், அவனால் சாப்பிட முடியாது என்று தெரிந்துகொண்டே. ஒரு நாள் கட்டிலில் சாய்ந்திருந்தபடி சொன்னான்.

"என்னை எரிச்சு முடிய எல்லாரும் பப்புக்குத்தான் வருவினம். நீ வந்து அந்தக் கதையின்ரை மிச்சத்தைச் சொல்லவேணும். நான் சொல்லி வைச்சிருக்கிறன். அடுப்புக்கு முன்னாலை நிண்டு சொல்லு."

"விசர்க்கதை கதையாதை. உனக்கெல்லாம் ஒண்டும் வராது. சுகமாகி வா, ரெண்டு பேரும் போவம்."

எங்கள் ஆட்கள் நோயாளியிடம் சொல்வது அதைத்தானே. சாவைப் பற்றி அவன் கதைத்தால் நாங்கள் கேட்கக்கூடாது, வாயை அடைத்துவிட வேண்டும். அவன் விடவில்லை. "சொல்லுவியே?" என்று திரும்பக் கேட்டான். அவனைச் சமாதானப்படுத்த "ஓம் ஓம்" என்றேன். ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். அவனுக்கு அப்போதே எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். அந்த எண்ணம்கூட எனக்கு வரவில்லை.

செத்தவீடு அவனை எரிக்கும் மண்டபத்தில். காரில் போனேன். கறுப்புக் கோட் போட்டு, கடைசி வரிசையில் இருந்தேன். எல்லாம் முடிந்ததும், எல்லாரையும் பப்புக்கு வரும்படி குடும்பத்தினர் அழைக்கிறார்கள் என்று முன்னால் நின்றவர் அறிவித்தார். எனக்குக் காது கேட்டது. அவனுக்குச் சொன்ன 'ஓம்' ஞாபகம் இருந்தது. மறந்துபோனேன் என்று பொய் சொல்ல விருப்பமில்லை.

ஆனால் செத்தவீட்டுக்குப் போனால் நாங்கள் என்ன செய்வோம்? ஒருவரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் எழும்பி வர வேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. நேரே வீட்டுக்கு வந்து முழுக வேண்டும், முழுகாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. ஆளை எரித்த கையோடு போய் இருந்து குடிப்பதையும், சிரிப்பு மூட்டக் கதை சொல்வதையும் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதெல்லாம் அவர்களுடைய வழக்கம், அவர்கள் செய்யட்டும், நான் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று நினைத்தேன். எழும்பி, ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் நடந்து, காரில் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி முன்கதவைத் திறக்கவில்லை.

"பின்பக்கத்தாலை வாங்கோ. கோட்டைக் கராஜுக்குள்ளை போடுங்கோ. சுடுதண்ணி போட்டு வைச்சிருக்கிறன்."

தலையில் தண்ணீர் ஊற்றும்போது எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுருங்குகிறது. முழுக வேண்டும் என்பது உண்மை. அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதும் உண்மை. அவன் இல்லாமல் தனியாக அந்த வாசலில் குனிந்து நுழைய எனக்குப் பயமாக இருந்தது. வருத்தக்காரனுக்குக் கொடுத்த வாக்கை விட, யாரோ ஒருவன் முப்பது வருடத்துக்கு முன்னால் மூக்கைப் பொத்தியது எனக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

பின்னேரம் கராஜில் கோட்டை எடுக்கப் போனபோதுதான் போன் அதற்குள் இருந்தது தெரிந்தது. நான்கு தடவை அழைத்திருந்தார்கள். எல்லாம் அவன் மனைவியின் நம்பர்.

அன்றே திருப்பி எடுத்திருக்க வேண்டும். சாவு நடந்த வீடு, கரைச்சல் கொடுக்கக்கூடாது, முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்றேன். முப்பத்தொன்று வந்து போனது. இனி எந்த முகத்தோடு எடுப்பது என்றேன். இலை உதிரத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மனைவிதான் போனை என் கையில் திணித்தாள். "அந்தாள் உங்களுக்கு என்ன செய்தது? நாங்கள் இப்பிடி நடக்கலாமோ?" என்று கேட்டாள். எடுத்தேன். அவன் மனைவி என் குரலைக் கேட்டதும், "சனிக்கிழமை பப்பிலை இருப்பன். வாங்கோ" என்றார்.

இம்முறை நானே ஓட்டிப்போனேன். இரண்டு தடவை வழி தவறி, ஒரு பண்ணை வீட்டு நாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். நேரத்தோடு வந்துவிட்டதால் உள்ளே அவன் மனைவி மட்டும்தான் இருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் அந்த அம்மா. அவர் என்னைப் பார்த்தார். வணக்கமும் இல்லை, பகிடியும் இல்லை. ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறை ஜன்னலால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவன் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தேன். முழங்கால் முட்டியது. அவர் வேறு கதை எதற்கும் போகவில்லை.

"மெஷினுக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். அன்று அவன் மேலே போன பிறகு என் சாமான் பையை வானின் பின்பக்கம் வைத்தேன். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அங்கேதான் இருக்கிறது, பை அதை அமத்திவிட்டது. ஐந்து நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பையை எடுத்தேன். பொத்தானை விடுவிக்கக் கையைக் கொண்டுபோனேன். மேலே பார்த்தால் அவன் ஜன்னல் துடைத்துக்கொண்டு நிற்கிறான். சரி, இருக்கட்டும் என்று கையை எடுத்துவிட்டேன். புட்டுப் பெட்டியைத் திறந்து, ஆறுதலாகச் சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் பொத்தானை விடுவித்தேன்.

அவர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

"அவருக்குத் தெரியும். மேலை நிண்டு எல்லாத்தையும் பாத்தவர். நீங்கள் புட்டுச் சாப்பிட்டதையும் பாத்தவர். அண்டைக்குப் பின்னேரமே எனக்குச் சொல்லிப்போட்டார்."

"பிறகேன் என்னைக் கேட்டவர்?"

"நீங்கள் சொல்லவேணும் எண்டு. இஞ்சை எழும்பி நிண்டு ஒரு கதை சொன்ன ஆளை இவையள் ஒரு நாளும் விடமாட்டினம். தான் போன பிறகும் நீங்கள் சனிக்கிழமையிலை இஞ்சை வந்து இருக்கவேணும் எண்டு அவருக்கு ஆசை. எரிச்ச அண்டைக்கு இருட்டுமட்டும் உங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவை. அடுப்புக்கு முன்னாலை ஒருத்தரையும் நிக்க விடேல்லை."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வரேல்லை?"

முழுகப் போனேன் என்று எப்படிச் சொல்வது? பதினொரு வருடம் ஒரே வானில் இருந்தவனை வழியனுப்பிவிட்டு, அந்தச் சாவுத் துடக்கைக் கழுவ ஓடினேன் என்று அவன் மனைவியின் முழங்காலில் முழங்கால் முட்ட இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? எங்கள் வழக்கத்தை விளக்கியிருக்கலாம். அவர் விளங்கிக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்போது வாயில் வந்தது வேறு.

"ட்ரெயினுக்கு நேரம் போட்டுது. அதுதான் ஓடவேண்டி வந்தது."

அவர், என் முழங்காலில் கிடந்த கையை இரண்டு தரம் மெல்லத் தட்டினார்.

"அண்டைக்கு உங்கடை காருக்குப் பின்னாலை கேற் வரைக்கும் ஓடி வந்தனான்" என்றார். "கூப்பிட்டனான். நீங்கள் திரும்பிப் பாக்கேல்லை."